சாரின் நான்கு பக்க நகைச்சுவை

“புரியலன்னா பரவால்ல பொண்ணு. எல்லாரும் கை தட்டுறப்ப நீயும் தட்டு. உனக்கு அது போதும்.”

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒருவர் இதைச் சொன்னார். மேடையில் பேசி முடித்து இறங்கி வந்தவர், நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்துச் சொன்னார்.

மலேசியாவில், குளுவாங்கில் ஒரு கடைவரிசையின் முதல் மாடியில் காலையில் பாலர் பள்ளியும் மாலையில் டியூஷனும் நடத்தியவர் அவர். பெயரை எழுதப்போவதில்லை. தன் பெயரை அச்சில் பார்ப்பதில் அவருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். பேனரில் போட்டுக்கொள்வார், அழைப்பிதழில் போட்டுக்கொள்வார், பிள்ளைகளின் தண்ணீர்ப் புட்டியில்கூட ஒட்டிக்கொடுப்பார். அந்தச் சந்தோஷத்தை என் கையால் கொடுக்க மாட்டேன். ஊரே அவரைச் சார் என்றது. இங்கேயும் சார் என்றே இருக்கட்டும்.

என் அம்மா அங்கே கூட்டித் துடைக்கும் வேலை பார்த்தார். லாபிஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் வருவதற்குள் பள்ளிக்கூட வயது போய்விட்டது. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிய அப்பாவுக்கும் கையெழுத்து போடும் அளவுக்குத்தான் படிப்பு. எங்கள் வீட்டில் பள்ளியைப் பார்த்து, முடித்து, அதற்கு மேலும் போன முதல் ஆள் நான். இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன். என் பங்கு அடக்கத்தை எல்லாம் சார் முன்னால் நின்றே செலவழித்துவிட்டேன்.

பள்ளி முடிந்ததும் பஸ் பிடித்து நேரே அங்கே போய்விடுவேன். செருப்பு அடுக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் உண்டு. அங்கிருந்து பார்த்தால் சாரின் கண்ணாடி அறை முழுதாகத் தெரியும். என் சிறுவயதில் பாதியை அவரைப் பார்த்தே கழித்திருக்கிறேன். குட்டைக் கைச் சட்டை, அதற்கு மேல் டை. வாரத்தின் ஐந்து நாளுக்கு ஐந்து டை. யாராவது படி ஏறி வரும் சத்தம் கேட்டால் சும்மா இருக்கும் டெலிபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். அவருக்குச் சிரிப்பு வாயில் தொடங்காது, தோளில் தொடங்கும். நகைச்சுவை ஒன்று வரப்போகிறது என்றால் இரண்டு தோளும் முதலில் குலுங்கும். பிறகுதான் பேச்சு வரும்.

பேச்சு என்றால் இங்கிலீஷ்தான்.

குழாய் சரிசெய்ய வந்த இந்தோனேசியத் தொழிலாளியிடம் இங்கிலீஷ். கீழே பூ கட்டி விற்ற அக்காவிடம் இங்கிலீஷ். தோட்டத்திலிருந்து மகனைச் சேர்க்க வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்ற தகப்பனிடம் கால் மணி நேரம் இங்கிலீஷ். அந்த ஆள் எல்லாவற்றுக்கும் “சரிங்க சார், சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து அம்மாவிடம், “சார் என்ன சொல்றாரு, புள்ளைய சேத்துக்கிறாரா இல்லையா?” என்று கேட்டார்.

அம்மாவிடமும் அப்படித்தான். சாயங்காலம் வேலை முடிந்தால், போகலாம் என்பதைச் சார் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி சொல்வார். ஒரு நாள் “டிஸ்மிஸ்ட்.” இன்னொரு நாள் “அட்ஜர்ன்ட்.” அம்மா துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பார். போகச் சொன்னாரா, வேறு ஏதாவது செய்யச் சொன்னாரா என்று தெரியாது. திரும்பக் கேட்கவும் பயம். சார் உள்ளே போய் உட்கார்ந்து கண்ணாடி வழியே பார்ப்பார். தோள் குலுங்கும். ஒரு முறை அரை மணி நேரம் நின்று, நாங்கள் போகவேண்டிய பஸ் போய்விட்டது. அப்புறம்தான் வெளியே வந்து, “அட, இன்னும் போகலியா? நான் எப்பவோ சொல்லிட்டேனே லா!” என்றார். அம்மாவும் சேர்ந்து சிரித்தார். மழையில் மூன்று கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போனோம்.

அவரைப் பற்றி நான் கண்டுபிடித்த முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடிக்க எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. இங்கிலீஷ் தெரிந்தவர்களிடம் அவர் இங்கிலீஷ் பேச மாட்டார்.

கீழே கிளினிக் வைத்திருந்த சீன டாக்டர் தினமும், “குட் மார்னிங், ஹவ் இஸ் பிஸ்னஸ்?” என்பார். சார் பதிலுக்கு, “சுடா மாக்கான், டாக்டர்?” என்று மலாயில் சாப்பாட்டை விசாரித்துவிட்டு வேகமாகப் படியேறிவிடுவார். கல்வி இலாகாவிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். தமிழ்ப் பெண்தான். ஆற்றொழுக்காக இங்கிலீஷ் பேசினார். அன்று காலை முழுவதும் சாரிடமிருந்து ஒரு இங்கிலீஷ் வார்த்தை வரவில்லை. “ஆமாங்கம்மா, செஞ்சிடலாங்கம்மா” என்று தமிழ், நடுவே கொஞ்சம் மலாய். சார் இவ்வளவு பணிவான தமிழ் பேசுவார் என்றே எனக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்கு அவரைப் பிடித்த ஒரே நாளும் அதுதான்.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பாலர் பள்ளிகளில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு வருடக் கடைசியில் பட்டமளிப்பு விழா நடக்கும். பெரிய பல்கலைக்கழகத்தில் போடுகிற மாதிரியே கறுப்பு அங்கி, குஞ்சம் தொங்கும் தட்டைத் தொப்பி, கையில் சிவப்பு ரிப்பன் கட்டிய சுருள். பெற்றோர்கள் புதுத் துணி உடுத்தி வருவார்கள். பல வீடுகளில் அந்தப் படம்தான் ஹாலில் பெரிதாக மாட்டப்பட்டிருக்கும். தொழிற்சாலைக்கும் தோட்டத்துக்கும் போய்வரும் அந்த அம்மா அப்பாக்கள், தங்கள் குடும்பத்தில் அந்த அங்கியை முதலில் பார்ப்பது அன்றுதான். சார் வாடகைக்கு எடுத்து வரும் ஐம்பது அங்கிகளையும் அம்மாதான் இஸ்திரி போடுவார். நான் பொத்தான் சரிபார்ப்பேன். அந்த அங்கியை நான் போட்டதில்லை. நான் ஒருநாளும் அங்கே மாணவி இல்லை.

விழாவின் முக்கிய நிகழ்ச்சி சாரின் நகைச்சுவை உரை. நான்கு பக்கம். வருடா வருடம் அதே உரை. முன்வரிசைக்கு நகலெடுத்துக் கொடுப்பார்கள். அவர்கள் அதை வைத்து விசிறிக்கொள்வார்கள். ஒவ்வொரு நகைச்சுவை முடிந்ததும் சார் மூக்குக்கண்ணாடியைத் தொடுவார். முன்வரிசையில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி உடனே கை தட்டுவார். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. கண்ணாடிதான் அவருக்கு அடையாளம். அவர் தட்டியதும் மண்டபமே தட்டும். பின்னால் மீகூன் என்கிற அரிசிச் சேமியாப் பொட்டலங்களுக்குக் காவலாக நிற்கும் என் அம்மா எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டுவார். முதலாளி பேசுகிறார் அல்லவா.

அந்தக் கல்வி அதிகாரியைத் தலைமை விருந்தினராகக் கூப்பிட வேண்டி வந்த வருடம் மட்டும் நான்கு பக்கமும் சட்டைப் பையைவிட்டு வெளியே வரவில்லை. சார் மலாயில் ஐந்து நிமிடம் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

விளங்கியது பதின்மூன்று வயதுக்கு மேல். மேடையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சுருளில் சான்றிதழ் இருக்காது. சான்றிதழ் ஜனவரியில்தான் அச்சாகி வரும். படம் எடுப்பதற்காக ஏதாவது ஒரு தாளைச் சுருட்டி ரிப்பன் கட்டிக் கொடுப்பார்கள். “மேசைக்குக் கீழ பழைய பேப்பர் கட்டு இருக்கு பாரு, அதையே சுருட்டிடுங்க” என்றார் சார். நானும் அம்மாவும் தரையில் உட்கார்ந்து சுருட்டினோம். நாலைந்து சுருட்டிய பிறகுதான் கவனித்தேன். அத்தனையும் அவருடைய உரை. போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் மிஞ்சிய நகல்கள். சொந்தப் பேச்சை எங்கள் ஆட்கள் கையில் கொடுத்து, வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவைத்திருக்கிறார். ரிப்பனை அவிழ்த்தாலும் யாரும் படிக்கப்போவதில்லை. எங்கள் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

நான்கு பக்கமும் ஒரு செட் எடுத்துச் சட்டைக்குள் மடித்து வைத்துக்கொண்டேன்.

இப்படித்தான் நான் இங்கிலீஷ் படித்தேன். பள்ளி நூலகத்தில் இருந்தது இங்கிலீஷ்-மலாய் அகராதி. ஒவ்வொரு வார்த்தையும் முதலில் மலாயில் வந்து இறங்கும். அங்கிருந்து நான் அதைத் தமிழுக்குக் கூட்டிவர வேண்டும். ஒரு பக்கத்துக்கு நாலைந்து மாதம் ஆனது. பாதி வழியிலேயே ஒன்று பிடிபட்டது. உரையில் பெரும்பாலும் சின்ன வார்த்தைகள்தான். கொஞ்சம் பள்ளிக்கூடம் பார்த்த பெற்றோருக்குக்கூடப் பிடிபடும். ஆனால் கடிக்கிற இடத்தில் மட்டும் பெரிய வார்த்தை ஒன்று உட்கார்ந்திருக்கும். பெரிய வார்த்தை எங்கே வருகிறதோ அங்கே ஊசி இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டபின் பெரிய வார்த்தை வந்தால் அகராதியை மெதுவாகத்தான் திறப்பேன்.

“டெம்பரரி” என்று தேடினேன். அகராதி “செமந்தாரா” என்றது. தற்காலிகம். அந்த வாக்கியம் இப்படி முடிந்தது: ‘பெற்றோர்களே, இந்த அங்கியில் உங்கள் பிள்ளையை இன்றே படம் எடுத்துக்கொள்ளுங்கள். இது தற்காலிக உடை. நிரந்தர உடை இவர்களுக்காகத் தொழிற்சாலையில் தைத்துக்கொண்டிருக்கிறார்கள்.’

“ஹெரிடிடரி.” பரம்பரை. ‘நம் சமூகத்தில் பரம்பரையாக வருவது இரண்டு. ஒன்று சர்க்கரை வியாதி, இன்னொன்று துடைப்பம். இரண்டாவதற்கு அத்தாட்சி வேண்டுமென்றால் மண்டபத்தின் பின்பக்கம் திரும்பிப் பாருங்கள், அம்மாவும் மகளுமாக நிற்கிறது.’

அந்த இடம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. வருடா வருடம் அந்த இடத்தில் சார் எங்களை நோக்கிக் கையை நீட்டுவார். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். தன்னை எல்லார் முன்னாலும் பாராட்டுகிறார் என்று நினைத்து அம்மா சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு கும்பிடுவார். “பாரு, நம்மளயும் மறக்காம சொல்றாரு” என்று என் காதில் சொல்வார்.

கடைசி வார்த்தை “ஆப்லிவியஸ்.” அதற்கு எனக்கு வயது பதினைந்து ஆகிவிட்டது. ‘ஜொகூரிலேயே சிறந்த கூட்டம் என்னுடையது. குறுக்கே பேசாது, எதிர்த்துக் கேட்காது. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்ற சுரணைகூட இல்லாத கூட்டம். இதற்காக உங்களுக்கு நீங்களே ஒரு முறை பலமாகக் கை தட்டிக்கொள்ளுங்கள்!’

நூலகத்தில் தனியாக உட்கார்ந்து இதைப் படித்தேன். அழவில்லை. கை கழுவிவிட்டு வந்து எல்லாவற்றையும் ஒரு நோட்டில் சுத்தமாகத் தமிழில் எழுதி வைத்தேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. முதலில், அந்த வேலை போனால் என் பள்ளி பஸ் காசும் போய்விடும் என்று சொல்லவில்லை. அந்தக் காரணம் இரண்டு வருடத்துக்குத்தான் உண்மை. அதற்குப் பிறகு சொல்லாதது வேறு காரணத்தால். சாருக்கு நான் தரவேண்டியது முழுசாக, ஊர் முன்னால், ஒரே தவணையில் போய்ச் சேரவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வீட்டில் சொன்னால் அம்மா அழுவார், அப்பா கத்துவார், அதோடு அடங்கிவிடும்.

பதினாறு வயதில் ஒரு நாள் சார் வழக்கம்போல, “கேர்ள், ஆர் யூ அட் லெஷர்?” என்றார். நான், “ஐ ஆம் ஸ்டடிங், சார். ஹவ் மே ஐ ஹெல்ப் யூ?” என்றேன். அவர் மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார். “அந்த ஃபைல எடுத்து வைம்மா” என்றார். அன்றிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசியதில்லை. யுனிவர்சிட்டியில் பின்னால் பட்டம் வாங்கினேன். ஆனால் எனக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது என்பதற்கு முதல் சான்று அந்த ‘வைம்மா’தான்.

படித்து முடித்தேன். இப்போது மூவாரில் மரச்சாமான் ஏற்றுமதி செய்யும் ஓர் இடத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுவது என் வேலை. போன வருடம் நவம்பரில் வீட்டுக்கு வந்தபோது பஸ் நிலையத்திலேயே என் முகத்தைப் பார்த்தேன். ஆறடி பேனரில், பட்டம் வாங்கிய அங்கியோடு. ‘எங்கள் நிலையத்தின் பெருமைமிகு உருவாக்கம்’ என்று கீழே எழுதியிருந்தது. அதற்கும் கீழே என் பெயரைவிடப் பெரிதாகச் சாரின் பெயர். என் படத்தை அம்மாவின் கைத்தொலைபேசியிலிருந்து வாங்கியிருக்கிறார்.

மறுநாள் அவரே பேசினார். “இந்த வருஷம் நீதாம்மா தலைமை விருந்தினர். நம்ம வீட்டுப் புள்ள லா நீ. நான் பேசுனதும் நீ ஒரு அஞ்சு நிமிஷம் பேசு, போதும்.”

“இங்கிலீஷ்லயா சார்?”

“உன் இஷ்டம்மா.”

“ரொம்ப சந்தோஷம் சார்” என்றேன். உண்மையிலேயே ரொம்பச் சந்தோஷம்.

சனிக்கிழமை காலை பத்து மணி. மண்டபம் நிறைய ஆட்கள். என்னை முன்வரிசையில் அவர் மனைவிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அம்மாவை முன்னால் கூப்பிட்டேன். “மீகூன யாரு பாப்பாங்க?” என்று வர மறுத்துவிட்டார். பிள்ளைகளுக்குச் சுருள் கொடுத்து முடிந்ததும் சார் பேச ஏறினார். இங்கிலீஷ் தெரிந்த ஒருத்தி முன்னால் உட்கார்ந்திருக்கிறேனே, இந்த முறையும் மலாய்க்குப் போய்விடுவாரோ என்று எனக்கு ஒரே பதற்றம். போகவில்லை. துடைப்பக்காரி மகளை அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அல்லது, சொல்ல மாட்டாள் என்று நினைத்திருக்கலாம். நான்கு பக்கமும் ஒரு வரி குறையாமல் வந்தது. கை நீட்டும் இடத்தில் கையை நீட்டினார். அம்மா கும்பிட்டார்.

அடுத்து நான். இங்கிலீஷில் வணக்கம் சொல்லி, சாருக்கு நன்றி சொல்லி, தமிழுக்கு வந்தேன்.

“சார் இவ்வளவு அழகா பேசினாரு. நம்ம பல பேருக்குப் புரிஞ்சிருக்காது. எனக்கு இங்கிலீஷ் கத்துக்குடுத்தது இந்த நாலு பக்கம்தான். அதனால அத அப்படியே தமிழ்ல சொல்றேன். என் சொந்தச் சரக்கு ஒண்ணும் இல்ல.”

எந்த வரிசையில் சொல்வது என்று பல வருடமாக யோசித்து வைத்திருந்தேன். நல்ல நகைச்சுவை இரண்டை முதலில் வைத்தேன். “பட்டம் வாங்குற தொப்பி ஏன் தட்டையா இருக்குன்னு கேட்டாரு சார். படிச்சது ஆவியா போயிடாம மேல மூடி போட்டிருக்காங்களாம்!” மண்டபம் உண்மையாகவே சிரித்தது. “மூணு பாட்டு, ஒரு டான்ஸ் கத்திருக்காங்க நம்ம புள்ளைங்க. மந்திரி ஆகறதுக்கு இது போதும்னாரு!” விசில் பறந்தது. திரும்பிச் சாரைப் பார்த்தேன். முகம் மலர்ந்து போயிருந்தது. இத்தனை வருடத்தில் அவர் நகைச்சுவைக்கு மனிதர்கள் சிரித்து அவர் கேட்டதே இல்லை. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பாவமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். இல்லை.

“அடுத்து சார் சொன்னாரு, இன்னிக்கே உங்க புள்ளைய இந்த அங்கியில படம் எடுத்துக்குங்க. இது தற்காலிக உடை. நிரந்தர உடை தொழிற்சாலையில தச்சுக்கிட்டு இருக்காங்க.”

ஒரு பத்துப் பேர் பழக்கத்தில் சிரித்து, நடுவிலேயே நிறுத்தினார்கள்.

பரம்பரை நகைச்சுவையைச் சொன்னேன். சார் நீட்டியது போலவே கையைப் பின்பக்கம் நீட்டினேன். எல்லாரும் திரும்பினார்கள். அம்மா இந்த முறை கும்பிடவில்லை. அதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை.

“கடைசியா நம்ம எல்லாரையும் பத்திச் சொன்னாரு. சுரணையில்லாத கூட்டம். அதுக்காக நம்மள நாமே கை தட்டிக்கச் சொன்னாரு. தட்டுனோம்.”

‘ஆப்லிவியஸ்’ என்பதற்கு ‘அறியாத’ என்று இன்னும் மென்மையான வார்த்தை ஒன்று இருந்தது. அகராதி சொன்ன அர்த்தத்துக்கு அதுதான் நெருக்கம். நான் அதை எடுக்கவில்லை.

கையுறைத் தொழிற்சாலை உடையோடு நேரே வேலையிலிருந்து வந்திருந்த ஒரு பெண் எழுந்தார். “ஏம்மா, படிச்சிட்டோம்னு எங்கள ஏமாத்துறியா? சார் அப்படியெல்லாம் பேசுவாரா?”

“உங்க வீட்டுக் கண்ணாடி அலமாரியில மூத்த புள்ள வாங்குன சுருள் இருக்காக்கா?”

“இருக்கு. அதுக்கென்ன?”

“இன்னிக்கு வாங்குனதையே அவுத்துப் பாருங்க.”

அவர் அவிழ்க்கவில்லை. பக்கத்து வரிசையில் ஒரு லாரிக்காரர், மடியில் இருந்த சின்ன மகளின் சுருளை வாங்கி ரிப்பனை இழுத்தார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இடைநிலைப் பள்ளியில் நாலாம் படிவம் படிக்கும் பெரிய மகளிடம் நீட்டினார். “படி புள்ள. சத்தமா.” அவள் தடுமாறித் தடுமாறிப் படித்து, ஒரு வரியில் நின்றாள். “ஆமாப்பா” என்றாள். “இருக்கு.”

அதற்குப் பிறகு மண்டபம் முழுவதும் ரிப்பன் அவிழும் சத்தம்.

சார் மைக்குக்கு வந்தார். வாயைத் திறந்தார். இங்கிலீஷ் வரவில்லை. “ஜோக்குங்க… சும்மா ஜோக்கு… யாரையும் மனசுல வச்சு…” என்று தமிழில் தொடங்கியவர், வியர்வையில் வழுக்கிய மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டார். முன்வரிசையில் அவர் மனைவி கை தட்டினார். ஒரே ஓர் ஆள், அந்த அமைதியில், நாலைந்து தட்டு. பிறகு சுற்றிப் பார்த்துவிட்டுக் கையை மடியில் ஒளித்துக்கொண்டார்.

அந்தச் சத்தத்தை இப்போதும் வேண்டும்போதெல்லாம் நினைத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மாவை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து வீட்டுக்கு வந்தேன். சந்தோஷத்தில் வாயடைத்துப்போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வாசலில் இறங்கியதும் கேட்டார்.

“உனக்கு எப்ப தெரியும்?”

“முழுசாவா? பதினஞ்சு வயசுல.”

“இப்ப என்ன வயசு உனக்கு?”

“இருபத்து நாலு.”

விரல் விடவில்லை, யோசிக்கவும் இல்லை. “ஒம்போது வருஷம்” என்றார். “ஒம்போது வருஷமா நான் கும்பிட்டுக்கிட்டு நின்னத பாத்துக்கிட்டே இருந்திருக்க.”

“ம்மா, உங்களுக்காகத்தான்…”

“எனக்காகன்னா என்கிட்ட சொல்லியிருப்ப. அந்தாளு எனக்குப் புரியாதுன்னு தெரிஞ்சு பேசுனான். நீ எனக்குப் புரியாதுன்னு தெரிஞ்சு பேசாம இருந்த. எனக்கு என்ன வித்தியாசம், சொல்லு?”

அவர் கேட்டது நியாயம்தான். செய்ததற்கு வருத்தப்படுகிறேனா என்றால், இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

திங்கட்கிழமை அம்மா அங்கே போய், சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தார். என்னிடம் ஏழெட்டு வாரம் பேசவில்லை. வாரக் கடைசியில் வீட்டுக்குப் போனால் சோறு போடுவார், “சாப்பிடு” என்பார், அவ்வளவுதான். இந்த ஜனவரியில் அங்கே பிள்ளைகள் பாதியாகக் குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். இனிமேல் விழாவில் சார் பேசவே போவதில்லை என்றும் கேள்வி. அது எனக்குப் போதவில்லை. அவர் பேசாமல் இருப்பதில் எனக்கு என்ன லாபம்? அவர் பேச வேண்டும். முன்னால் இருப்பவர்களுக்கு அது புரிய வேண்டும்.

அவர் கட்டடத்துக்கு நேர் எதிரே, தையல் கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருந்தது. தை மாதம் எடுத்தேன். பெரியவர்களுக்கு மட்டும் இங்கிலீஷ் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை காலை. முதலில் பெயர் கொடுத்தது அந்தக் கையுறைத் தொழிற்சாலைப் பெண். “அன்னிக்கு உன்ன ஏசிட்டேன், மனசுல வச்சுக்காத” என்றார். அப்புறம் லாரிக்காரர். அப்படியே பதின்மூன்று பேர் சேர்ந்தார்கள். பதினான்காவது பெயர், ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துக்கொண்டே, “என் பேரையும் எழுதிக்க” என்று வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் வகுப்பு நடந்தது. தெருப்பக்கத்து ஜன்னல் இரண்டையும் நன்றாகத் திறந்து வைத்தேன். எதிர் மாடியில் விடுமுறை நாளிலும் டை கட்டிய ஓர் உருவம் ஃபைல் புரட்டுவது போல நின்றது. பலகையில் ஒரே ஒரு வாக்கியம் எழுதினேன். ‘வாட் டூ யூ மீன் பை தட்?’ ‘அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்?’ என்று யாரிடமும் முகத்துக்கு நேராக, எழுந்து நின்று கேட்கலாம் என்று சொன்னேன். ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, எதிர்க் கட்டடம்வரை கேட்கும்படி கேட்டார்கள். லாரிக்காரர் கேட்டதில் தையல் கடைக்காரர் மேலே ஓடி வந்துவிட்டார்.

அம்மா கடைசி. எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்.

இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்கச் சொன்னேன்.